உப்புக் கடல் நடுவே நல்ல தண்ணீர்! காவல் காப்பது ஒரு பூங்கொடி

தனுஷ்கோடியில் ஒரு பக்கம் பாக் நீரிணை. அது அமைதியான கடல். மீனவர்கள் அதைப் "பெண் கடல்" என்பார்கள். மறு பக்கம் மன்னார் வளைகுடா. அது சீறும் கடல். அதன் பெயர் "ஆண் கடல்". இரண்டுக்கும் நடுவே ஒரு நீண்ட மணல் திட்டு.

அந்த மணலில் மீனவப் பெண்கள் குடத்துடன் உட்காருகிறார்கள். கையால் மணலை அள்ளி அள்ளி வெளியே போடுகிறார்கள். சிறிது ஆழம் தோண்டியதும் ஈரம் தெரிகிறது. கொஞ்ச நேரத்தில் குழியின் அடியில் தண்ணீர் ஊறுகிறது. சிரட்டையால் மெல்ல மொண்டு குடத்தில் ஊற்றுகிறார்கள்.

கடல் கூப்பிடு தூரத்தில் இரைகிறது. ஆனால் குடத்தில் இருப்பது உப்புத் தண்ணீர் அல்ல. குடிக்கிற தண்ணீர்!

தலைமுறை தலைமுறையாக இந்த ஊற்றுகள்தான் அங்குள்ள மீனவக் குடும்பங்களின் தாகத்தைத் தீர்த்து வந்திருக்கின்றன. ராமநாதபுரம் சீமைக்குத் "தண்ணியில்லாக் காடு" என்று ஒரு பெயர் உண்டு. பிடிக்காத அதிகாரியை அங்கே மாற்றிவிடுவதாக மிரட்டுவது பழைய பேச்சு. அந்தச் சீமையின் கடைசி முனையில், கடலுக்கு நடுவே, நல்ல தண்ணீர் கிடைக்கிறது.

இது எப்படி? இந்தத் தண்ணீரைக் காத்துக் கொடுப்பது யார்?

மணலே தொட்டி

ராமேசுவரம் தீவில் ஆறு இல்லை. மலை என்று சொல்ல எதுவும் இல்லை. கந்தமாதன பர்வதம் என்று பெயர் பெற்ற இடமும் ஒரு மணல் மேடுதான். வானத்திலிருந்து விழும் மழைதான் தீவின் நல்ல தண்ணீர். அதுவும் ஐப்பசி, கார்த்திகையில்தான் பெரும்பாலும் பெய்யும்.

களிமண் தரையில் மழை பெய்தால் தண்ணீர் ஓடிக் கடலில் விழுந்துவிடும். மணலில் அப்படி இல்லை. விழுந்த இடத்திலேயே உள்ளே இறங்கிவிடும். வெயில் சுட்டாலும் ஆழத்தில் இருக்கும் தண்ணீர் எளிதில் ஆவியாகப் போகாது.

இறங்கிய தண்ணீர் அடியில் இருக்கும் கடல் நீரோடு கலந்துவிடாதா?

உடனே கலப்பதில்லை. அதற்குக் காரணம் எடை. கடல் நீர் கனமானது. நல்ல தண்ணீர் லேசானது. 40 குடம் கடல் நீர் எவ்வளவு எடையோ, ஏறக்குறைய அதே எடைதான் 41 குடம் நல்ல தண்ணீர். கனமானது கீழே நிற்கும். லேசானது மேலே மிதக்கும். அடுப்படியில் தண்ணீர்மேல் எண்ணெய் மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோலத்தான் இதுவும்.

மணல் துகள்களின் நெருக்கம் இரண்டு நீரும் கலங்காதபடி தடுக்கிறது. இதனால் மணல் மேட்டின் அடியில், உப்பு நீரின் தலைமேல், நல்ல தண்ணீர் ஒரு கிண்ணம் போலத் தேங்கி நிற்கிறது.

இதில் ஒரு கணக்கு உண்டு. நல்ல தண்ணீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி உயர்ந்திருந்தால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நல்ல தண்ணீர் நிற்க முடியும். இந்தக் கணக்கை 100 ஆண்டுகளுக்கு முன்பே ஐரோப்பிய விஞ்ஞானிகள் கண்டு சொல்லிவிட்டார்கள்.

கணக்கின் மறு பக்கத்தையும் பார்க்க வேண்டும். மேலே 1 அடி குறைந்தால் கீழே 40 அடி போய்விடும். கீழிருந்து உப்பு நீர் ஏறி வரும்!

ராமேசுவரம் கோவிலுக்குள் 22 தீர்த்தங்கள் இருப்பதை எல்லோரும் அறிவார்கள். அவற்றில் நீராடுவதற்காகவே காசியிலிருந்தும் யாத்திரிகர்கள் வருகிறார்கள். கோவிலுக்குக் கிழக்கே சிறிது தூரத்தில் கடல். தங்கச்சிமடத்துக்குப் பக்கத்தில் வில்லூண்டித் தீர்த்தம் கடலுக்கு உள்ளேயே இருக்கிறது. சீதையின் தாகம் தீர்க்க ராமர் வில்லை ஊன்றி வரவழைத்த நல்ல தண்ணீர் அது என்பது ஐதீகம். கடல் சூழ்ந்த மண்ணில் நல்ல தண்ணீர் கிடைப்பது எவ்வளவு அருமையானது என்பதை நம் முன்னோர் உணர்ந்திருக்கிறார்கள். அதனால்தான் அதைத் தீர்த்தம் என்று கும்பிட்டார்கள்.

மணலைப் பிடித்து வைப்பது யார்?

தண்ணீரை மணல் பிடித்து வைக்கிறது. சரி. மணலைப் பிடித்து வைப்பது யார்?

தனுஷ்கோடிக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆடியில் அடிக்கும் காற்றில் மணல் ஊசியாகக் குத்தும். சாலையையே மணல் மூடிவிடும். இப்படி ஓடும் மணல் ஒரே இடத்தில் மேடாக நிற்க வேண்டுமானால், அதை யாராவது பிடித்து நிறுத்த வேண்டும்.

அந்த வேலையைச் செய்வது ஒரு காட்டுக்கொடி. யாரும் விதைக்கவில்லை. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. அதன் பெயர் அடம்பு. அடம்பங்கொடி, அடப்பங்கொடி என்றும் சொல்வார்கள்.

கடற்கரைக்குப் போன எல்லோரும் அதைப் பார்த்திருப்பார்கள். மணலில் நீளமாகப் படர்ந்து கிடக்கும். இலை தடிப்பாக, பளபளப்பாக இருக்கும். நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கும். பூ, புனல் வடிவம். நிறம், இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்தது. விடியும்போது மலரும். வெயில் ஏறியதும் வாடும். ஒரு பூவின் ஆயுள் ஒரே நாள். மறுநாள் காலையில் அதே கொடியில் வேறு பூக்கள் சிரிக்கும்.

இந்தப் பூ தமிழருக்குப் புதியதல்ல. சங்கப் புலவர்கள் இதை "அடும்பு" என்று அழைத்தார்கள். குறுந்தொகையில் ஒரு பாட்டு, இதன் பிளந்த இலையை மானின் குளம்புக்கு ஒப்பிடுகிறது. பூவைக் குதிரையின் கழுத்து மாலையில் கட்டும் மணிக்கு ஒப்பிடுகிறது. அந்தப் பூவைப் பறித்துச் சிறுமியர் மணலில் விளையாடுவதையும் சொல்கிறது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லும் பூக்களின் வரிசையிலும் அடும்பு இருக்கிறது.

வெகு தொலைவில், சுவீடன் நாட்டுத் தாவர அறிஞர் லின்னேயஸ், 1753-ம் ஆண்டில் இந்தக் கொடிக்கு லத்தீன் மொழியில் பெயர் வைத்தார். அதன் பொருள் "ஆட்டுக்கால்". தமிழ்ப் புலவர் கண்ணுக்கு மான். சுவீடன் அறிஞர் கண்ணுக்கு ஆடு. இலை ஒன்றுதான்!

கொடி செய்யும் வேலை

அடம்பு செய்யும் வேலை மிக எளிது.

காற்று மணலைத் தூக்கிக்கொண்டு வருகிறது. வழியில் அடம்பின் இலைகள் நிற்கின்றன. இலையில் மோதியதும் காற்றின் வேகம் குறைகிறது. வேகம் குறைந்ததும் காற்று தன் சுமையை இறக்கிவிடுகிறது. மணல் கொடியின்மேல் விழுகிறது.

வேறு செடியாக இருந்தால் மணலுக்குள் புதைந்து செத்துவிடும். அடம்பு சாகாது. புதைந்த கணுக்களில் வேர் விடும். வேர் விட்ட இடத்திலிருந்து தலையை நீட்டி மேலே வரும். மறுபடி மணல் விழும். மறுபடி வேர் விட்டு மேலே வரும். கொடி ஏற ஏற மேடும் ஏறும். ஒரு கொடி 10 மீட்டருக்கு மேலும் ஓடும். பல கொடிகள் பின்னிக்கொண்டால், மணலுக்கு மேல் ஒரு பச்சை வலை விரித்தது போல இருக்கும். வலையில் மீன் சிக்குவது போல மணல் சிக்கிக்கொள்ளும்.

இதற்கு ஒரு கூட்டாளியும் உண்டு. முள் முள்ளாக விறைத்து நிற்கும் ஒரு கடற்கரைப் புல். அதற்கு நம் மக்கள் வைத்த பெயர் "இராவணன் மீசை". ராமர் பாலம் கட்டியதாகச் சொல்லும் கரையில், இராவணன் மீசையும் மணலைக் காக்கிறது!

உப்புக் காற்றிலும் அலைத் தெறிப்பிலும் அடம்பு எப்படிப் பிழைக்கிறது? அதன் தடித்த இலைகள் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. இலையின் மேல்தோல் ஈரம் எளிதில் வெளியே போகாமல் காக்கிறது.

விதையும் கெட்டிக்கார விதை. அது கடல் நீரில் மிதக்கும். உப்பு அதைக் கெடுப்பதில்லை. அலை கொண்டுபோய் ஒதுக்கிய கரையில் முளைக்கும். இப்படிப் பயணம் செய்துதான், உலகத்தின் வெப்ப நாட்டுக் கடற்கரைகள் எல்லாவற்றிலும் அடம்பு குடியேறியிருக்கிறது. இந்தோனேசியாவில் 1883-ம் ஆண்டில் கிரக்கதோவா எரிமலை வெடித்தது. தீவு முழுவதும் சாம்பல் மூடி, பச்சை என்பதே இல்லாமல் போயிற்று. அதன் பிறகு அந்தக் கரையில் முதலில் வந்து படர்ந்த செடிகளுள் அடம்பும் ஒன்று.

புயலும் கொடியும்

கொடியின் பெருமையை மிகைப்படுத்திச் சொல்லக்கூடாது.

1964-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி இரவு. தனுஷ்கோடியைப் புயல் தாக்கியது. கடல் எழுந்து ஊருக்குள் புகுந்தது. பாம்பனிலிருந்து வந்த ரெயில் பயணிகளோடு கடலுக்குப் பலியாயிற்று. ரெயில் நிலையம், தபால் ஆபீசு, தேவாலயம், வீடுகள் எல்லாம் இடிந்தன. ஒரு துறைமுகப் பட்டினம் ஒரே இரவில் அழிந்தது. அந்த அலையை எந்தக் கொடியாலும் தடுத்திருக்க முடியாது.

கொடி அலையை நிறுத்தாது. மணலை நிறுத்தும். ஆனால் மணல் மேடாக நின்றால், சாதாரணக் காலத்தில் வரும் பேரலை உள்ளே ஏறாது. மேடு தாழ்ந்துபோனால், சிறிய கொந்தளிப்பிலும் கடல் உள்ளே வழியும். வழிந்த உப்பு நீர் மணலுக்குள் இறங்கும். ஊற்றுத் தண்ணீர் கரிக்கும். பிறகு பல மழை பெய்து கழுவினால்தான் அது பழையபடி குடிக்கத் தக்கதாகும்.

கொடி போனால் மேடு போகும். மேடு போனால் தண்ணீர் போகும். தண்ணீர் போனால் ஊர் போகும்.

இன்று வந்துள்ள ஆபத்து

புயலுக்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தனுஷ்கோடி முனைக்குச் சரியான சாலை இல்லை. 2017-ம் ஆண்டு ஜூலை மாதத்தில் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டது. அதுமுதல் கூட்டம் பெருகிவிட்டது. காரும் பஸ்ஸும் நாள்தோறும் வந்து குவிகின்றன.

சாலை வந்தது நல்லது. கூட்டம் வருவதால் மீனவக் குடும்பங்களுக்கு நாலு காசு கிடைக்கிறது. பெண்கள் சங்கும் சிப்பியும் மாலையும் விற்கிறார்கள். அதை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் சாலையோடு நிற்காத சக்கரங்கள் இருக்கின்றன. மணலில் வண்டியை ஓட்டி விளையாடுகிறார்கள். ஒருவர் போன தடத்தில் நூறு பேர் போகிறார்கள். கொடி நசுங்குகிறது. வலையில் ஓர் ஓட்டை விழுகிறது. அந்த ஓட்டையில் காற்று புகுந்து மணலைக் குடைந்து எடுக்கிறது. ஓட்டை பெரிதாகிப் பள்ளமாகிறது.

மனிதக் கால்களும் அதைத்தான் செய்கின்றன. சாப்பிட்ட காகிதத் தட்டும் பிளாஸ்டிக் பையும் கொடிகளுக்கு நடுவே சிக்குகின்றன. குப்பையை எடுப்பதற்காகக் கொடியையும் சேர்த்து வாரி எறிந்துவிடுகிறார்கள். மொட்டை மணல் அழகு, கொடி அசுத்தம் என்று ஒரு நினைப்பு!

ராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரை 230 கிலோ மீட்டருக்கும் அதிகம். அதில் பல இடங்களில் வேறு ஆபத்துகளும் உண்டு. கட்டிடத்துக்காக மேட்டைச் சமப்படுத்துகிறார்கள். ஆழக் குழாய் இறக்கி மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள். மேலே சொன்ன 1 அடிக்கு 40 அடிக் கணக்கை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். சிரட்டையில் மொள்ளும்போது மேலே இருக்கும் நல்ல தண்ணீர் மட்டும் வரும். மோட்டாரில் உறிஞ்சினால் கீழே இருக்கும் உப்பும் வரும்.

சவுக்கு மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. காற்றைத் தடுக்கவும் விறகுக்கும் சவுக்கு உதவும். மறுக்க முடியாது. ஆனால் அலைக்கு மிக அருகில், மணல் மேட்டின் நெற்றியில், அதை நெருக்கமாக நடுவது சரியல்ல. அடம்புக்கு வெயில் வேண்டும். சவுக்கின் நிழலிலும், உதிர்ந்த சருகின் மெத்தையிலும் அது வளராது. முன்வரிசை கொடிக்கு. பின்வரிசை மரத்துக்கு. இதுவே முறை.

டச்சுக்காரர் கற்ற பாடம்

ஆலந்து நாடு கடல் மட்டத்தை ஒட்டிக் கிடக்கும் நாடு. அதன் பெரிய நகரம் ஆம்ஸ்டர்டாம். அந்த நகரத்துக்கு 1853-ம் ஆண்டில் குழாய் வழியாக நல்ல தண்ணீர் வந்தது. எங்கிருந்து? கடற்கரை மணல் மேடுகளிலிருந்து! அந்த மேடுகளுக்குள் தேங்கிய மழைத் தண்ணீரைத்தான் நகர மக்கள் குடித்தார்கள். இன்றும் அந்த மேடுகள் ஆம்ஸ்டர்டாமின் தண்ணீரைச் சுத்தப்படுத்தித் தருகின்றன.

மணல் மேட்டின் அருமை தெரிந்த டச்சுக்காரர்கள், அதன்மேல் ஒருவகைப் புல்லைக் கையால் நட்டு வளர்த்தார்கள். நூற்றாண்டுக்கணக்காக அந்த வேலையைச் செய்தார்கள். அவர்கள் கூலி கொடுத்துச் செய்த வேலையை, நமக்கு அடம்பு கூலி வாங்காமல் செய்கிறது. நாம் செய்ய வேண்டியது அதை மிதிக்காமல் இருப்பதுதான்!

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. மத்திய அரசாங்கத்தின் 2011, 2019-ம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கைகள், மணல் மேடுகளை அதிகப் பாதுகாப்பு வேண்டிய முதல் வகையில் சேர்த்திருக்கின்றன. 2025-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் தமிழ்நாடு அரசாங்கம் தனுஷ்கோடியில் சுமார் 525 ஹெக்டேர் பரப்பைப் பூநாரைகளின் சரணாலயமாக அறிவித்தது. பறவைக்கு இடம் ஒதுக்கியது பாராட்டத் தக்கது. பறவை நிற்கும் மண்ணைக் காக்கும் கொடிக்கும் அந்தக் கவனம் வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன?

பெரிய பணம் தேவை இல்லை. பெரிய இயந்திரமும் தேவை இல்லை.

வண்டிகள் சாலையோடு நிற்க வேண்டும். மணலில் ஏறும் வண்டியைத் தடுக்கக் கல்லோ கட்டையோ நட்டால் போதும். கடலைப் பார்க்கப் போகிறவர்களுக்குச் சில இடங்களில் மரப்பலகைப் பாதை போட வேண்டும். பாதை இருந்தால் மக்கள் அதில்தான் நடப்பார்கள். பாதை இல்லாததால்தான் எல்லா இடமும் பாதையாகிறது.

மொட்டையாகிப்போன இடங்களில் கொடியைத் திரும்ப நடலாம். அது மிகச் சுலபம். நன்றாக வளர்ந்த இடத்திலிருந்து ஒரு முழம் கொடியை வெட்டி எடுக்க வேண்டும். இரண்டு மூன்று கணுக்கள் மணலுக்குள் போகும்படி புதைக்க வேண்டும். மழைக்காலத் தொடக்கத்தில் செய்தால் தானாக வேர் பிடிக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு சனிக்கிழமையில் செய்யக்கூடிய வேலை. ஆசிரியர்களும் வனத்துறையினரும் கைகோத்தால் போதும்.

குப்பை வாருகிறவர்களுக்கு, குப்பை வேறு, கொடி வேறு என்று சொல்லிக் கொடுக்க வேண்டும்.

ராமேசுவரத்துக்குப் போகிற குடும்பங்களுக்கும் ஒரு கடமை உண்டு. 22 தீர்த்தங்களில் நீராடிவிட்டு, தனுஷ்கோடிக்கும் போவார்கள். அங்கே பிள்ளைகளுக்கு அடம்பைக் காட்டட்டும். ஒரு பூவைப் பறித்துப் பிள்ளை விளையாடினால் தவறில்லை. சங்க காலத்துச் சிறுமியரும் விளையாடினார்கள். கொடியைப் பிடித்து இழுக்காமல் இருந்தால் போதும். பூ நாளையும் வரும். பிடுங்கிய கொடி வராது.

ஈழத்திலும் தமிழ்நாட்டிலும் ஒரு பழமொழி வழங்குகிறது: "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு." தனியாக இருக்கும் கொடியைச் சிறுபிள்ளையும் அறுத்துவிடும். திரண்டு பின்னிய கொடிகளை யாராலும் அசைக்க முடியாது. ஒற்றுமைக்கு எடுத்துக்காட்டாக இதைச் சொல்வார்கள்.

பழமொழியில் வரும் அந்தக் கொடி தனுஷ்கோடியில் திரண்டு நின்றுதான் மணலைக் காக்கிறது. மணல் தண்ணீரைக் காக்கிறது. சிரட்டையும் குடமுமாக உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்களின் வீட்டு அடுப்பில் உலை கொதிப்பது அந்தத் தண்ணீரால்தான்.

கொடி திரண்டு நிற்கிறது. அதைக் காக்க மக்களும் திரள வேண்டும்.